ஷ்ராக் மேய்ச்சலின் நடுக்கதவு

ஆர்டிஸ் ஸ்டக்கியிடம் வாயைத் திறந்து காட்டாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஊரில் இருக்கும் ஒரே பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. நாம் வாயைத் திறந்ததும் அவள் மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு சுருக்கம் விழும். முகக்கவசம் போட்டிருந்தாலும் அது கண்ணுக்குக் கீழே வந்து எட்டிப் பார்க்கும். டாக்டர் வருவதற்குள்ளேயே நாம் வாயை மூடிக்கொள்ளப் பார்ப்போம்.

எதைக் கண்டாலும் அவளுக்கு அருவருப்பு. சர்ச் விருந்தில் ஒரே கரண்டியை நாலு பாத்திரத்தில் விடுகிறவர்கள், மூக்குச் சிந்திய கைக்குட்டையை மடித்து மறுபடி பாக்கெட்டில் வைக்கிறவர்கள், தோளில் தட்டிப் பேசுகிறவர்கள், செய்தியின் முடிவில் மஞ்சள் சிரிப்பு முகம் போட்டு அனுப்புகிறவர்கள், எல்லோரும் அவளுக்கு ஒரே ஜாதி. அவள் கணவன் மெர்ல் தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறவன், லேசில் கோபப்படாத ஆள். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காத ஆர்டிஸ், ஃப்ரிட்ஜுல இருக்கிற பால் திரிஞ்சிடும்" என்பான்.

"திரிஞ்சா திரியட்டும். அதுல எப்படியும் நீ வாய வெச்சுத்தானே குடிச்சிருப்ப" என்பாள் அவள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் சைக்கிளில் ஏறியதற்குக் காரணம் உடம்பைக் குறைப்பது என்று டாக்டரிடம் சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. நாள் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள்ளேயே குடியிருக்கிறவளுக்கு, வாயைத் திறக்க ஒரு ஆள்கூட இல்லாத இடம் தேவைப்பட்டது. எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அதற்குப் பஞ்சமில்லை. ஊர் எல்லையில் தார் முடிந்தால் அப்புறம் சரளை, சரளை முடிந்தால் மண், இரண்டு பக்கமும் புல்மேடு. இருபது மைல் போனாலும் மாடுதான் தலையைத் தூக்கிப் பார்க்கும். மாட்டைக் கண்டு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாடு பாசாங்கு பண்ணாது என்பாள்.

அப்படிச் சுற்றித் திரிந்த நாலு பேர், ஆர்டிஸும் சேர்த்து, சைக்கிள்காரர்கள் கைபேசியில் பார்த்துப் போக ஒரு வரைபடத்தைத் தொடங்கினார்கள். கவுண்டி ஆபீஸ் வரைபடத்தை நம்பிப் போனால் பாதிச் சாலைகள் யாராவது ஒருவரின் சோளக்காட்டுக்குள் போய் முடியும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: தன் சக்கரம் உருளாத சாலையை யாரும் வரைபடத்தில் ஏற்றக்கூடாது. ஓட்டிப் பார்த்தவர் கோடு போட்டுக் குறிப்பு எழுதுவார். குறிப்பின் கீழே அவர் பெயர் நிற்கும். மஞ்சள் கோடு என்றால் வெறும் மண், மழை பெய்து இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். ஈரத்தில் போனால் சக்கரம் பதித்த பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும், பிறகு விவசாயி தன் வண்டியோடு அதில் குலுங்கிக்கொண்டே உங்களைச் சபிப்பான். ஆர்டிஸின் குறிப்புகளை மற்றவர்கள் வாசித்து வாசித்துச் சிரிப்பார்கள். 'நாய் உண்டு. கடிக்கும். வீட்டுக்காரரும்.' 'இறக்கத்தில் கூர்க்கல். டயரைக் கிழித்துக்கொள்ள ஆசை உள்ளவர்கள் வேகமாகப் போகலாம்.'

அவள் போட்ட கோடுகளில் அவளுக்கே பெருமையானது ஷ்ராக் மேய்ச்சல் வழி. லீலண்ட் ஷ்ராக்கின் நிலம் இரண்டு முட்டுச் சாலைகளுக்கு நடுவே கிடக்கிறது. அதைக் கடக்க முடியாதவர்கள் பதினோரு மைல் நெடுஞ்சாலையில், தானிய லாரிகள் விசிறும் காற்றில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நிலத்துக்குள் பழைய மண்வழி ஒன்று ஓடுகிறது. லீலண்டின் வாயில் கொக்கியை வைத்துக்கொண்டுதான் ஆர்டிஸ் அனுமதி கேட்டாள், அவனால் மறுத்துப் பேச முடியவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான். அவள் அவன் வீட்டு வாசலுக்கே போய், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

லீலண்ட் மனைவியை இழந்தவன், அறுபதைத் தாண்டியவன், பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிப்பவன். கதவைப் பிடித்தபடியே கேட்டான்.

"உன் கூட வர்றவங்களுமா?"

"கேட்டா அவங்களும்தான்."

"ரெண்டு முனையிலயும் கேட் கெடையாது, மாடு தாண்டாத கம்பிக் குழிதான். நடுவுல ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது என் சமாச்சாரம். தொறந்து கெடந்தா தொறந்தே கெடக்கணும், மூடியிருந்தா மூடியே இருக்கணும். பாத்தது எப்படியோ விடறது அப்படி. புரியுதா?"

"புரியுது."

"உன் மூஞ்சிக்காகத்தான் விடறேன். நீ நைச்சியம் பண்ற ஆளு இல்ல."

அந்தப் பேச்சை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வரைபடத்தில் எழுதினாள்: 'நடுக்கதவு. எப்படி இருந்ததோ அப்படியே விடு. தொடாதே.' கீழே ஆர்டிஸ் என்று பெயர்.

காரணம் எளிது. ஆகஸ்ட் வந்தால் மேற்கு மேய்ச்சலில் ஊற்று வற்றிவிடும். குட்டை கிழக்குப் பக்கம். நடுக்கதவைத் திறந்து, சங்கிலியால் தூணோடு மாட்டி விட்டால்தான் மாடுகள் போய்த் தண்ணீர் குடிக்கும். மாடு வளர்க்கிற எவனுக்கும் இது தெரியும். நகரத்திலிருந்து வருகிறவனுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் மூடிவிட்டுப் போ.

பிறகு ப்ரெண்ட் ஓல்கட் வந்து சேர்ந்தான். டென்வரிலிருந்து வந்து எங்கள் ஊரில் இன்சூரன்ஸ் விற்கிறவன், பல் வெள்ளையாக்கிக்கொண்டவன், ஆர்டிஸைத் 'தலைவி' என்று கூப்பிடுகிறவன். வந்த வருஷமே வரைபடம் நாலு பேரிடமிருந்து நாலாயிரம் பேருக்குப் போனது. அக்டோபரில் பெரிய சைக்கிள் பந்தயம் ஒன்று நடத்தத் திட்டம் போட்டான். 'இந்தச் சாலைகள் நம் எல்லோருக்கும் சொந்தம்' என்று சட்டையில் அச்சடித்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். வாரம் மூன்று நாள் நீளநீளமாகச் செய்தி அனுப்புவான், ஒவ்வொன்றிலும் அரை டஜன் மஞ்சள் முகம் பல்லைக் காட்டும். ஆர்டிஸ் அந்தப் பற்களைப் பார்த்ததும் விரலால் தள்ளிவிடுவாள். படிக்கவே மாட்டாள். நாசூக்கானவர்கள் எச்சிலைத் தாண்டிப் போவது மாதிரி அவன் செய்திகளைத் தாண்டிப் போனாள்.

ஜூலையில் அவன் அனுப்பிய ஒன்றில் இப்படி இருந்தது: கதவுகளைப் பற்றிய குறிப்புகள் கடுமையாக இருக்கின்றன, புதியவர்கள் பயப்படுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே மாதிரி இனிமையாக மாற்றப் போகிறேன், ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பழைய நாலு பேரில் ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். மற்ற இருவர் எதற்கும் தலையாட்டுகிறவர்கள். ஆர்டிஸ் முதல் மஞ்சள் முகத்தைக் கண்டதும் தள்ளிவிட்டாள்.

ஆகஸ்ட் மத்தியில் ஒரு சனிக்கிழமை லீலண்ட் தன் மகளைப் பார்க்க விச்சிட்டா போனான். போகும்போது குட்டையில் தண்ணீர் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, இனி கவலையில்லை என்று நினைத்துத்தான் போனான். அன்று மத்தியானம் கான்ஸஸ் சிட்டியிலிருந்து ஒரு இளம் ஜோடி அந்த வழியாகப் போனது. வெயில் நூற்று நாலு டிகிரி. அவர்கள் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்கள், கைபேசியில் குறிப்பைப் பார்த்தார்கள், சங்கிலியைக் கழற்றிக் கதவை இழுத்து ஒழுங்காகப் பூட்டுக்கம்பி மாட்டினார்கள். அதோடு நிற்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஒரு படமும் எடுத்து வரைபடத்தில் போட்டார்கள். 'யாரோ பொறுப்பில்லாமல் திறந்து போட்டிருந்தார்கள், நாங்கள் மூடினோம்.' அதற்கு நூற்றுக்கணக்கில் இதயக் குறி விழுந்தது. முதல் குறி ப்ரெண்டுடையது.

செவ்வாய்க்கிழமை ஆர்டிஸுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். கம்பிக் குழியைத் தாண்டுமுன்பே நாற்றம் அடித்தது. குட்டை மேட்டில் ஏறியதும் பார்த்தாள். கதவின் மேற்குப் பக்கம் கன்றும் பசுவுமாகக் கிடந்தன, வயிறு உப்பி, கால்கள் விறைத்து. மண்ணைக் குளம்பால் உழுது வைத்திருந்தன. கிழக்குப் பக்கம் குட்டைக் கரையிலும் சில கிடந்தன. எல்லாவற்றுக்கும் வாய் திறந்திருந்தது. தடித்துக் கறுத்த நாக்கில் ஈ மொய்த்தது. முப்பது வருஷமாக வாய்களைப் பார்த்தவள், சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

லீலண்ட் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நேத்து சாயங்காலம்தான் வந்தேன்" என்றான். "கேட்ட யாரோ சாத்தியிருக்காங்க. நான் தொறந்தேன், எல்லாம் என்ன இடிச்சுத் தள்ளிட்டுக் குட்டைக்கு ஓடிச்சு. தாகத்துல கெடந்தது ஒரேயடியா குடிச்சா அதுவும் சாவுதான். தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? ஒத்த ஆளு எத்தனைய தடுக்கறது?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் ஆளுங்களா ஆர்டிஸ்?"

அப்போது அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எழுதி வெச்சிருக்கேன் லீலண்ட்! என் கையால எழுதி வெச்சிருக்கேன், தொடாதேன்னு. படிக்கத் தெரியாத ஜென்மங்க. கலர் கலரா உடுத்திக்கிட்டு வர்ற பன்னிங்க!"

"அப்படியா" என்றான் லீலண்ட். "நீ எழுதினியா. அப்ப சரி. உன்மேல தப்பில்ல." மறுபடி டிராக்டரில் ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் வரைபடத்தைத் திறந்தாள். அந்த ஜோடி கதவருகே சிரித்துக்கொண்டு நின்ற படம் கண்ணில் பட்டது. 'உங்கள் மரியாதை மாடுகளைக் கொன்றுவிட்டது. பெருமையாக இருக்கிறதா?' என்று அதன் கீழே எழுதினாள். பிறகு, அவர்கள் எதை மீறினார்கள் என்று எடுத்துக் காட்டுவதற்காக, தன் குறிப்பைத் தேடிப் போனாள்.

'வணக்கம் நண்பரே! கடந்து சென்றதும் தயவுசெய்து கதவை மூடிவிடுங்கள்!' என்று இருந்தது. கடைசியில் ஒரு மஞ்சள் முகம். அதன் கீழே பெயர்: ஆர்டிஸ்.

முதலில் யாரோ சதி செய்துவிட்டதாக நினைத்தாள். பிறகு ஜூலைச் செய்தி நினைவுக்கு வந்தது. அதைத் தேடி எடுத்து, முதல் முறையாக, முழுவதும் படித்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. அவள் எழுதியதற்குக் கீழே அந்த ஜோடியின் பதில் ஏதோ வந்து நின்றது, பார்க்கச் சகிக்காமல் மூடிவிட்டாள்.

மறுநாள் ப்ரெண்டை அவன் ஆபீஸிலேயே பிடித்தாள். அவன் முன்னால் பாதி கடித்த பீராக் ரொட்டி கிடந்தது, உள்ளே அடைத்த முட்டைக்கோசும் கறியும் மேஜைமேல் சிந்தியிருந்தன. செய்தி அவனுக்கு ஏற்கனவே எட்டியிருந்தது.

"தலைவி, ரொம்ப வேதனையா இருக்கு" என்று எழுந்து தோளில் கை வைக்க வந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நீ எதுக்கு என் குறிப்ப மாத்தின?"

"எல்லாருக்கும் எழுதிக் கேட்டேனே. நீங்க ஒண்ணும் சொல்லல. கேட்ட மூடுறது நல்ல பழக்கம்தானே, யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. கவலப்படாதீங்க, காலைலயே பழையபடி மாத்திட்டேன். உங்க வார்த்தையே இருக்கு, ஒரு எழுத்து மாறாம."

"இப்ப மாத்தி என்ன?"

"பாக்கறவங்களுக்கு அது எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சு" என்றான் குரலைத் தாழ்த்தி. "ஷ்ராக்கும் அப்படித்தானே நம்பிட்டு இருக்காரு? நீங்களே சொல்லியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்படியே இருக்கட்டுமே. இது வெளில தெரிஞ்சா கவுண்டிக்காரங்க பாதிச் சாலைய அடைச்சிடுவாங்க. உங்க இத்தன வருஷ உழைப்பு போயிடும். அந்த வழியும் போயிடும். அதவிட நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். அந்த மாடுங்க நெனவா ஒரு ஞாபகார்த்த ஓட்டம். கறுப்புச் சட்டை, முதுகுல ஒரு பசு. எப்படி?"

ஆர்டிஸ் அவன் வாயையே பார்த்தாள். அந்த வெள்ளைப் பற்களுக்கு நடுவில் முட்டைக்கோஸ் இழை ஒன்று மாட்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அது தெரியவில்லை. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகும் குமட்டல் அடங்கவில்லை. அவன் சொன்ன பொய்யை அவனுக்கு முன்பே, லீலண்டின் முகத்துக்கு நேராக, தான் சொல்லிவிட்டு வந்திருந்தோம் என்பதுதான் காரணம். தெரியாமல் சொன்னது செவ்வாய்க்கிழமை. இன்று புதன். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்தே சொன்னதாகும்.

"லீலண்ட்கிட்டப் போய்ச் சொல்லப் போறியா?" என்று மெர்ல் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டான்.

"சொன்னா வழியும் போச்சு, மனுஷனும் போச்சு."

"சொல்லலன்னா?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அன்றைக்கு அவளுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிளில் போனாள். மண்வழியில் போகும்போதே ஒரு வெளியூர் கார் நிற்பது தெரிந்தது. நடுக்கதவருகே லீலண்ட் குழி வெட்டும் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தான். கீழே இரண்டு பேர் மாட்டின் கால்களில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒல்லிப் பையன். இன்னொருத்தி கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெண், மூக்கில் கட்டிய துணி நனைந்திருந்தது. படத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே முகங்கள். இப்போது அடையாளம் தெரியாத அளவுக்கு அழுது வீங்கியிருந்தன.

லீலண்ட் எந்திரத்தை நிறுத்தினான்.

"இது டாமியன், இது யெசேனியா" என்றான். "கான்ஸஸ் சிட்டிலேர்ந்து வந்திருக்காங்க. நேத்தும் வந்தாங்க. என் விலாசம் கேட்டு உனக்கு எழுதினாங்களாம். நீ பதில் போடலையாம். ஊருக்குள்ள வந்து ஆளாளுக்குக் கேட்டு விசாரிச்சு வந்தாங்க."

ஆர்டிஸ் சைக்கிளிலிருந்து இறங்கினாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கினவளின் கூச்சம் அது. கையில் பிடித்திருந்த சங்கிலியிலிருந்து ஏதோ சொட்டியது.

"லீலண்ட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"குறிப்பு மாறியிருந்துச்சு. மூடச் சொல்லித்தான் இருந்துச்சு. இவங்க அதுல சொன்னதச் செஞ்சாங்க, அவ்வளவுதான். மாத்தினது ப்ரெண்ட். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி எனக்கு எழுதிக் கேட்டான். நான் படிக்கல."

"ஏன் படிக்கல?"

இந்தக் கேள்விக்கு அவள் வழியெல்லாம் நாலைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தாள். வேலை அதிகம், செய்திகள் அதிகம், கண்ணில் படவில்லை. அத்தனையையும் விட்டுவிட்டாள்.

"அவன எனக்குப் புடிக்காது" என்றாள். "அவன் எழுதறதப் பாத்தாலே அருவருப்பா இருக்கும். அதான்."

லீலண்ட் தலையை மெல்ல ஆட்டினான். "மூடச் சொல்லியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பசங்க போன்ல படம் புடிச்சு வெச்சிருந்ததக் காட்டினாங்க. கீழ உன் பேரு இருந்துச்சு. நீ வந்து சொல்றியா இல்லையான்னுதான் இருந்தேன்." எந்திரத்திலிருந்து இறங்கினான். "சொன்ன. அது வரைக்கும் நல்லது."

"நான் என்ன செய்யணும் லீலண்ட்? வழிய வரைபடத்துலேர்ந்து இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்க வேணாம். நான் சொன்னத அப்படியே எழுதி வை, கூடவே என் போன் நம்பரையும் போடு. வர்றவங்க என்னக் கேட்டுட்டு வரட்டும். இந்தப் பசங்க எப்ப வேணா வரலாம். அவங்களுக்குத் தெரியாது, சொன்னபடி செஞ்சாங்க. தெரிஞ்சதும் நாலு மணி நேரம் போக வர வண்டி ஓட்டிக்கிட்டு வந்து என் மாட்டப் பொதைக்கிறாங்க." சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். "உனக்குத் தெரியும். இந்த கேட்டு எதுக்குன்னு உனக்கு நல்லாத் தெரியும். உன் மூஞ்சிய நம்பி விட்டேன். நீ இனிமே இந்தப் பக்கம் வராத."

அவள் சங்கிலியைப் பார்த்தாள். "இத முடிக்கிற வரைக்குமாவது கூட நிக்கறேன்."

"வேணாம்மா. ஆளு இருக்கு."

யெசேனியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லீலண்ட் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எந்திரத்தில் ஏறினான். ஆர்டிஸ் சைக்கிளைத் திருப்பினாள். கம்பிக் குழி வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் நடந்தாள், ஏறி ஓட்டிப் போவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. வெளியே வந்து நெடுஞ்சாலையில் ஏறினாள். தானிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்று அவளை ஓரப் புல்லில் தள்ளியது. அவள் இறங்கி இறங்கி ஏறிப் போனாள்.

வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. மெர்ல் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"எங்கடி போன? பயந்துட்டேன்."

"ஹைவே வழியா வந்தேன்."

"ஹைவேலயா! இந்நேரத்துலயா? ஏன், லீலண்ட் வழி என்ன ஆச்சு? எடுத்துட்டானா?"

"வழி அங்கதான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ். "எல்லாருக்கும் இருக்கு. எனக்குத்தான் இல்ல."